கத்திரிக்குப் போகாத தாங்கல்

மே 14, 1986 அன்று நான் தாம்பரத்தில் இல்லை. கும்பகோணத்தில் மாமனார் வீட்டுக் கூடத்தில், ஈரத் துண்டை முதுகில் போட்டுக்கொண்டு, பங்கனபள்ளி நறுக்கி வைத்த தாம்பாளத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். நாலாவது துண்டா ஐந்தாவதா என்பதுதான் மறந்துவிட்டது. மற்றதெல்லாம் நன்றாக நினைவிருக்கிறது. ஏனென்றால் அதே நாளில் அகரம்தென் சாலைக்கு உள்ளே இருந்த ஒரு தாங்கலில், வெடித்துக் கிடந்த தரையில் குந்தி உட்கார்ந்து, காட்டு நெல்லின் தூரைக் கிளறிப் பார்த்ததாக என் களக்குறிப்பு நோட்டு சொல்கிறது.

அந்தக் குறிப்பை ஜூன் மாதம் கல்லூரி திறந்த பிறகு, ஆசிரியர் அறையில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து எழுதினேன். தாங்கல் வற்றிவிட்டது, தூர்கள் உயிருடன் உள்ளன, கீழ்க்கணுக்களில் புதுத் துளிர், பல்லாண்டுத் தாவரம். அவ்வளவுதான். எழுதி முடித்ததும் பக்கம் ரொம்பச் சுத்தமாக இருக்கிறதே என்று தோன்றியது. வராண்டாவில் இருந்த குரோட்டன்ஸ் தொட்டிக்குள் விரலை விட்டு எடுத்து, பக்கத்தின் ஓரத்தில் லேசாக ஒரு தேய் தேய்த்தேன். அந்த மண்ணைப் பற்றி மனைவியிடம்கூட இதுவரை சொன்னதில்லை.

நான் புறநகர்க் கல்லூரி ஒன்றில் தாவரவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். கல்லூரி பெயர் வேண்டாம். தப்பு அதனுடையது இல்லை. குரோம்பேட்டையில் ஜாகை. அன்றைக்கு மீட்டர் கேஜில் ஓடிய மின்சார ரயிலில் தாம்பரம் வந்து, ஸ்டேஷனில் போட்டு வைத்திருக்கும் சைக்கிளை எடுத்தால் கேம்ப் ரோடு, சேலையூர், மாடம்பாக்கம் எல்லாம் கைக்கெட்டும் தூரம். செங்கல்பட்டுச் சீமையே ஏரிகளின் சீமை. பெரிய ஏரிக்குக் கீழே சின்ன ஏரி, அதற்கும் கீழே தாங்கல் என்று தண்ணீர் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு இறங்கி, கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்புக்குப் போய்ச் சேரும். 1985 நவம்பரில் சென்னை வெள்ளக்காடானது. அதற்கடுத்த தை மாதத்திலும் எல்லாக் கரையும் தளும்பிக்கொண்டிருந்தது. அந்தத் தை மாதத்தில்தான் துறைக்கு உலர்தாவர மாதிரிகள் சேர்க்கும் வேலை என் தலையில் விழுந்தது.

தாங்கலின் விளிம்பில் முழங்கால் ஆழத் தண்ணீரில் நெல் நின்றது. யாரும் விதைக்காத நெல். கதிரில் ஒவ்வொரு மணியின் நுனியிலும் விரல் நீளத்துக்குச் சிவந்த வால். தொட்டால் போதும், மணி கையோடு வந்துவிடுகிறது. காற்றடித்தாலே கொட்டுகிறது. கொஞ்சம் தள்ளி மடுவில், இடுப்பளவு தண்ணீரில், இன்னொரு கூட்டம். தாள் நீளமாகி, பாதி படுத்தாற்போல மிதந்து, கணுக்களில் வேர் விட்டு, அங்கங்கே தலையைத் தூக்கிக்கொண்டிருந்தது. இரண்டும் ஒன்றுதான் என்று முடிவு கட்ட எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. கரையில் இரண்டு, மடுவில் ஒன்று பிடுங்கி, பழைய 'இந்து' பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தேன்.

கொட்டிக்கிழங்கு தோண்டிக்கொண்டிருந்த ஒரு ஆயா நிமிர்ந்து பார்த்தது.

"இன்னா வாத்தியாரே, புல்லப் புடுங்கி பேப்பர்ல சுத்தற?"

"புல்லு இல்ல ஆயா. காட்டு நெல்லு."

"தெரியும் தெரியும். கொளநெல்லு. கரையில கீறது ஒரு சாதி, மடுவுல கீறது ஒரு சாதி. கரையில கீறது கத்திரிக்கு முன்னாடியே வெந்து பூடும். மடுவுல கீறது சாவாது. கத்திரில வா, காட்டறேன்."

"வரேன் ஆயா."

என் வாழ்க்கையில் தாவரவியலில் யாரும் இவ்வளவு சுருக்கமாக எனக்குப் பாடம் எடுத்ததில்லை. நான் அதைப் பாடமாக எடுத்துக்கொள்ளவில்லை என்பதுதான் விஷயம். எம்.எஸ்ஸி. முடித்தவனுக்குச் சாதி பிரித்துச் சொல்ல ஒரு கிழவியா என்ற எண்ணம் வாயில் வரவில்லை, உள்ளே இருந்தது.

ஆயா சொன்ன இரண்டு சாதிக்கும் பெயர் உண்டு. மடுவில் சாகாமல் கிடப்பது ஒரைசா ரூஃபிபோகன். 1832-ல் மதராசில் வந்திறங்கிய கம்பெனி மருத்துவர் வில்லியம் கிரிஃபித் வைத்த பெயர். அவர் இறந்த பிறகு, 1851-ல் அச்சேறியது. செந்தாடிக்காரன் என்று பொருள். கரையில் வெந்து போவது ஒரைசா நிவாரா. இதைத் தனி இனமாக எழுதி வைத்தவர்கள் சர்மா, சாஸ்திரி என்ற இரண்டு இந்திய விஞ்ஞானிகள், 1965-ல். நீவாரம் என்ற பழைய சமஸ்கிருதச் சொல்லையே எடுத்துப் பெயராக்கிவிட்டார்கள். நாராயண சூக்தத்தில் இதயத்துக்குள் எரியும் சுடரின் மெல்லிய நுனிக்கு நீவார நெல்லின் வால்தான் உவமை. என் அப்பா தினமும் காலையில் அதைச் சொல்வார். நான் இருபது வருஷம் காதில் வாங்கினேன். அந்த வால் கையில் வந்து குத்தியபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

செந்தாடி நீவாரத்துக்கும் உண்டு. ஆகவே தாடியைப் பார்த்து அடையாளம் சொல்ல முடியாது. இரண்டுக்கும் 24 குரோமோசோம்கள். கலந்தால் பிறக்கிற பிள்ளைகள் மலடில்லை. இரண்டும் ஒரே இனத்தின் இரண்டு வாழ்க்கை முறைகள்தான், தனித்தனிப் பெயரே தேவையில்லை என்று வாதாடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் வாழ்க்கை முறை என்று பார்த்தால் இவ்வளவு தூரம் விலகிப்போன அண்ணன் தம்பியைக் காண்பது அரிது. நீவாரம் நம்பி இருப்பது வற்றப்போகும் தண்ணீரை. ஆகவே அவசரம். பகல் குறைகிறதா கூடுகிறதா என்று பெரும்பாலும் பார்ப்பதில்லை, வளர்ந்ததும் பூத்துவிடும். துணைக்காகக் காத்திருக்க நேரமில்லை என்பதால் தன் மகரந்தத்தாலேயே தன்னைக் கருவுறச் செய்துகொள்ளும். அதற்கு மகரந்தம் அதிகம் வேண்டாம், மகரந்தப்பை சின்னதாக இருந்தால் போதும். உடம்பில் சேர்த்த சத்தையெல்லாம் மணியில் கொட்டிவிட்டு, சேறு காய்வதற்குள் செத்துப்போகும். மிச்சமிருப்பது வெடிப்புக்குள் விழுந்த விதைகள்தான்.

ரூஃபிபோகன் நிற்பது வற்றாத ஆழத்தில். அதற்கு நிதானம். பகல் குறுகும்வரை பூக்காது. சென்னையில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் சுமார் ஒன்றரை மணி நேரந்தான் வித்தியாசம். அதைக்கூட அந்தப் புல் கணக்கு வைத்துக்கொள்கிறது. மகரந்தப்பை நீளம், காற்றில் தூவ நிறைய மகரந்தம், பக்கத்துச் செடியோடு கலப்பு. மணி குறைவு, ஆனால் தூரிலும் கணுவிலும் உயிரை முடிந்து வைத்துக்கொண்டு அடுத்த வருஷமும் கிளைக்கும். வாங்கிய சம்பளத்தைப் பிள்ளைகள் பேரில் போட்டுவிட்டுக் கண்ணை மூடுகிறவன் ஒருத்தன், பி.எஃப். பணத்தில் கைவைக்காமல் தொண்ணூறு வயசு வரை இருக்கிறவன் ஒருத்தன். எங்கள் தெருவிலேயே இரண்டு பேரும் உண்டு.

இதையெல்லாம் நான் அன்றைக்கே படித்துத்தான் இருந்தேன். காய வைத்து ஒட்டிய தாளைப் பார்த்து, இது ஒரு வருஷத்துச் செடியா, பல வருஷத்துச் செடியா என்று நிச்சயமாகச் சொல்வது கஷ்டம் என்பதும் தெரியும். தெரிந்துகொள்ள நல்ல வழி, தண்ணீர் வற்றிய பிறகு அதே இடத்துக்கு மறுபடி போவது. இரண்டாவது வழி, கதிரின் அடியில் இன்னும் திறக்காத பூவைப் பிரித்து மகரந்தப்பையை அளப்பது. மூன்று மில்லிமீட்டர்தான் எல்லைக் கோடு. அதைத் தாண்டினால் ரூஃபிபோகன், தாண்டாவிட்டால் நீவாரம். அளப்பதற்கு டிசெக்டிங் மைக்ராஸ்கோப் துறையிலேயே இருந்தது. அதையும் செய்யவில்லை. மூன்று செடியையும் ஒரே தாளில் தைத்து, லேபிளில் ஒரைசா ரூஃபிபோகன் என்று எழுதி, 'பல்லாண்டு' என்ற கட்டத்தில் டிக் அடித்து, கீழே கையெழுத்தைக் கிறுக்கினேன்.

ஏன் ரூஃபிபோகன்? உண்மையைச் சொன்னால் அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது. சாகாத நெல்லைக் கண்டுபிடித்தவன் என்றால் கொஞ்சம் எடுப்பாக இருக்கும் என்றும் தோன்றியது. ஏன் கத்திரியில் போகவில்லை? அதற்குப் பெரிய காரணம் ஏதாவது சொல்ல ஆசைதான். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, விடைத்தாள் திருத்தும் டூட்டி என்று. அதெல்லாம் வேறு வருஷங்களில். அந்த வருஷம் வெயில், மாம்பழம், அவ்வளவுதான்.

ஒரு லேபிளில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். எனக்கு நானே பல வருஷம் அப்படித்தான் கேட்டுக்கொண்டேன். ஆனால் வகுப்பில் நான் விரும்பிச் சொல்லும் கதை ஒன்று உண்டு. புகையான் பூச்சி சுமந்துவந்த புல்குட்டை நோய் ஆசியாவின் வயல்களைக் காலி செய்தபோது, பிலிப்பைன்ஸில் இருக்கும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் 6,000-க்கும் மேற்பட்ட நெல் மாதிரிகளைச் சோதித்தது. பயிரிடும் நெல் எதிலும் எதிர்ப்பு இல்லை. கிடைத்தது ஒரே ஒரு காட்டு நெல் மாதிரியில். உத்தரப்பிரதேசத்தில் சேகரித்த நீவாரம். அந்த நிறுவனத்தின் குர்தேவ் சிங் குஷ் அந்தக் குணத்தை மறுபடி மறுபடி கலந்து ஏற்றியதில், 1976-ல் ஐ.ஆர். 36 வெளியானது. அதன் வம்சாவளியில் நம் திருவள்ளூர்ப் பக்கத்துத் திரூர்க்குப்பம் பண்ணையின் டி.கே.எம். 6-உம் ஒரு பாட்டன். ஐ.ஆர். 36-இன் பிள்ளை ஐ.ஆர். 50 தமிழ்நாட்டு வயல்களில் எவ்வளவு நடப்பட்டது என்பது அந்தக் கால விவசாயிகளுக்குத் தெரியும். ஆக, என் வீட்டு உலையிலும் கரையில் வெந்துபோகும் சாதியின் ஒரு துளி கொதித்திருக்கிறது.

இந்தக் கதையைச் சொல்லும்போது குரல் உயரும், மாணவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். அந்த ஒரு மாதிரியைப் பிடுங்கிய ஆள், எங்கே பிடுங்கினேன் என்று ஒழுங்காக எழுதி வைத்திருப்பார் என்று நினைத்துக்கொள்வேன். அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் என்ற நினைப்பு வகுப்பில் ஒவ்வொரு முறையும் வரும். அந்த இடத்தில் கொஞ்சம் தண்ணீர் குடிப்பேன்.

1994-ல் கடிதம் வந்தது. வடக்கே ஒரு ஆராய்ச்சி நிலையத்திலிருந்து, மரியாதையான கடிதம். எங்கள் துறையின் மாதிரிப் பட்டியலைப் பார்த்தார்களாம். கோடையிலும் தூர் உயிரோடு இருப்பதாக நான் குறிப்பு எழுதியிருப்பது அரிய செய்தியாம். சென்னைக்கு இவ்வளவு பக்கத்தில், கத்திரி வெயிலைத் தாங்கும் பல்லாண்டு நெல் என்றால், உயிருள்ள தூர் நாலைந்து தேவை. தோண்டி அனுப்பினால் செலவு எங்களுடையது என்று எழுதியிருந்தார்கள்.

பல்லாண்டு குணத்துக்காக உலகம் எவ்வளவு ஏங்கியது என்று இப்போது தெரிகிறது. ஆப்பிரிக்காவின் லாஞ்சிஸ்டமினேட்டா என்ற காட்டு நெல்லோடு கலந்து சீனாவின் யுன்னானில் உருவாக்கிய பி.ஆர். 23, 2018-ல் விவசாயிகள் கைக்கு வந்தது. ஒரு தடவை நட்டுவிட்டுத் திரும்பத் திரும்ப அறுக்கும் நெல். அதனால் அன்று கேட்டவர்கள் சும்மா கேட்கவில்லை.

வீட்டிலிருந்து தாங்கல் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும். என்னிடம் அப்போது பஜாஜ் சேதக் இருந்தது. போயிருந்தால் அரை மணி நேரம். மடுவில் இருந்ததை ஆயா சொன்னபடி பார்த்திருக்கலாம், தோண்டியிருக்கலாம். என் பொய்யில் பாதி உண்மை என்று தெரிந்து நிம்மதிகூட அடைந்திருக்கலாம். போனால் எல்லாத் தூரும் செத்துக் கிடக்குமோ என்ற பயம். நோட்டில் மே மாதம் என்று தேதி போட்டவனை அதே மே மாதத்தில் அங்கே நிற்க வைத்தால் என்ன ஆகும்? பதில் எழுதினேன்: வருந்துகிறேன், ஏரி தூர்வாரும் பணியில் அந்தச் செடிகள் அழிந்துவிட்டன.

யாரும் தூர்வாரவில்லை. அந்த வருஷம் தாங்கல் நன்றாகவே இருந்தது. அதை நான் விசாரிக்காமலேயே அழித்தேன்.

பிறகு நடந்ததைச் சொன்னால் நம்பமாட்டீர்கள், ஆனால் புறநகரில் குடியிருப்பவர்கள் நம்புவார்கள். 2000-க்குப் பிறகு ஒருநாள் கல்யாணப் பத்திரிகை கொடுக்க அந்தப் பக்கம் போனேன். கரை இல்லை. வெள்ளைச் சுண்ணாம்பு அடித்த கல் வரிசையாக நட்டிருந்தது. மனைகளின் நடுவே முப்பதடி ரோடு, முகப்பில் ஒரு பூவின் பெயரில் நகர். எனக்கு முதலில் வந்தது வருத்தம் இல்லை. என் கடிதத்தில் இருந்தது இப்போது உண்மையாகிவிட்டது என்ற ஆறுதல்தான் வந்தது. அதைவிடக் கேவலமான ஆறுதல் எனக்கு வாய்த்ததில்லை. 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டியதே, அப்போது அந்த நகரில் முதல் மாடிப் படிவரை தண்ணீர் ஏறிப் படகில் பால் பாக்கெட் போனதாகச் சொன்னார்கள். டி.வி.யில் முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் காட்டிக்கொண்டிருந்தபோது, நான் மடு எந்த இடத்தில் இருந்திருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

போன வருஷம் பழைய துறையிலிருந்து கூப்பிட்டார்கள். எல்லா மாதிரித் தாளையும் படம் எடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார்கள். பெயர் சரிபார்க்கப் பழைய ஆள் ஒருவர் வந்தால் நல்லது என்றார்கள். புல் குடும்ப அலமாரியைத் திறந்தாலே நாப்தலீன் வாசனை முகத்தில் அடிக்கும், அன்றும் அடித்தது. மூன்றாம் நாள் அந்தத் தாள் வந்தது. நூல் தையல் அப்படியே இருந்தது. வால்களின் சிவப்பு மட்டும் வைக்கோல் நிறமாக மங்கியிருந்தது.

திட்டத்தில் வேலை பார்க்கும் பெண் பக்கத்தில் இருந்தாள். முப்பத்தெட்டு வருஷம் தள்ளிப்போட்ட வேலையைச் செய்தோம். நெற்கதிர் மேலிருந்து கீழே பூத்துக்கொண்டு வரும். அதனால் கதிரின் அடியில் திறக்காத பூ ஒன்றிரண்டு மாட்டும். இடப்பக்கச் செடியிலிருந்து ஒன்று, வலப்பக்கச் செடியிலிருந்து ஒன்று கிள்ளி, சோப்புத் துளி விட்ட வெந்நீரில் போட்டாள். பத்து நிமிஷத்தில் காய்ந்த உமி மெத்தென்று ஆனது. மைக்ராஸ்கோப்புக்கு அடியில் ஊசியால் பிரித்தாள். ஆறு மகரந்தப்பைகள், பழுப்பு நூல் மாதிரி. இடப்பக்கத்தில் இரண்டு மில்லிமீட்டர். வலப்பக்கத்தில் நாலரை.

"சார், ஒரே ஷீட்ல ரெண்டு ஸ்பீஷீஸ்."

நாலரை காட்டியது மடுவில் பிடுங்கியது. கணுவில் வேர் தெரிந்தது. ஆயா பேச்சு அப்படியே சரி. இரண்டு சாதியையும் சேர்த்துத் தைத்து, இரண்டும் சாகாதவை என்று எழுதிவைத்திருக்கிறேன். போகாத மே மாதத்தில் போயிருந்தால், கரையில் சருகையும் மடுவில் துளிரையும் ஒரே பார்வையில் பார்த்திருப்பேன். சென்னைக்குப் பக்கத்தில் இருபதடி இடைவெளியில் அண்ணனும் தம்பியும் நின்ற ஓர் இடத்தை எழுதி வைத்திருப்பேன். இந்த இரண்டின் வேறுபாடுகள் எந்த ஜீன்களில் இருக்கின்றன என்று அமெரிக்காவில் தாவ் சாங் குழுவினர் இரண்டையும் கலந்து வளர்த்து, பூக்கும் காலத்திலிருந்து மகரந்தப்பை நீளம் வரை பார்த்து, 2009-ல் கட்டுரை எழுதினார்கள். அதே ஆய்வகம் 2006-ல், மணி கொட்டாமல் கதிரில் நிற்க வைத்த மாற்றத்தை நீவாரத்தோடு ஒப்பிட்டுக் கண்டுபிடித்தது. ஒரு புரதத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம். கையோடு வந்துவிட்ட அந்த மணிகளை நான் சட்டையிலிருந்து தட்டிவிட்டேன்.

"லேபிள் எழுதினவரு கோடையில போயும் பாத்திருக்காரே சார், நோட்டுல இருக்கு. எப்படித் தப்பு பண்ணாரு?" அவள் லேபிளைப் பூதக்கண்ணாடியால் பார்த்துக்கொண்டிருந்தாள். பெயர் இல்லை, கிறுக்கல் மட்டும். "கையெழுத்து புரியல. யாரு சார் இவரு?"

நான் சொன்னது இதுதான்: "அந்தக் காலத்து ஆளுங்கம்மா. அப்படித்தான் இருப்பாங்க."

அவள் சிரித்தாள். பிறகு திருத்தச் சீட்டை நீட்டினாள். பழைய லேபிளைக் கிழிக்கக் கூடாது, அடிக்கவும் கூடாது. பக்கத்தில் புதுச் சீட்டு ஒட்டி, சரியான பெயர், காரணம், திருத்தியவர் கையெழுத்து, தேதி போட வேண்டும். அதுதான் முறை. எழுதினேன். இடப்பக்கம் இரண்டும் ஒரைசா நிவாரா. வலப்பக்கம் ஒரைசா ரூஃபிபோகன். மகரந்தப்பை அளவு. கோடைக் குறிப்பை நம்ப வேண்டாம்.

கையெழுத்துக் கோட்டில் பேனாவை வைத்தேன். இந்த முப்பத்தெட்டு வருஷத்தில் என் கிறுக்கல் கொஞ்சம்கூட மாறவில்லை. பூதக்கண்ணாடி இன்னும் அவள் கையில்தான் இருந்தது.

அந்தச் சீட்டில் தேதி மட்டும் இருக்கிறது.